போரிடைக் காலத்தில் வட ஆற்காடு தோல் தொழில்

போரிடைக் காலம் என்பது முதல் உலகப் போர் முடிவுற்ற நவம்பர் 1918 முதல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய செப்டம்பர் 1939 வரையான காலப்பகுதியைக் குறிக்கும். ஐரோப்பாவில் செருமானிய, ஆசுத்திரிய-அங்கேரிய, உருசிய, உதுமானியப் பேரரசுகள் வீழ்ந்து புதிய நாடுகள் தோன்றியதும், நாணயங்கள் மதிப்பிழந்ததும், சர்வாதிகார அரசுகள் எழுந்ததும் இக்காலத்திலேயே. இக்கொந்தளிப்பு ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் ஆகிய ஊர்களின் தோல் தொழிலையும் அது நேரடியாகத் தாக்கியது. (இவ்வூர்கள் 2019ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ளன.)

பின்னணி

பாலாற்றுப் படுகையின் ஊற்றுநீர், சுற்றுப்புறக் காடுகளில் கிடைத்த ஆவாரம் பட்டை, 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை அமைக்கப்பட்டுப் பின்னர் மேற்கே நீட்டிக்கப்பட்ட இருப்புப்பாதை ஆகிய மூன்றும் இத்தொழில் இங்கு நிலைகொள்ளக் காரணமாயின. தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிரையும் சதையையும் நீக்கியபின், ஆவாரம் பட்டைச் சாற்றில் பல நாட்கள் பதனிட்டு, கடுக்காய்க் கரைசலில் முடிப்பது வழக்கம். ஆவாரையால் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சத்தில் சிவந்துவிடும். கடுக்காய் அதனைத் தடுக்கும். சுண்ணாம்புத் தொட்டிகளில் உழைத்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். டேனரி உரிமையாளர்களும் வணிகர்களும் பெரும்பாலும் முசுலிம்கள்.

இவ்வாறு கிடைத்தது முழுமையான தோல் அன்று, அரைப்பதத் தோல். இது சென்னை பெரியமேட்டு வணிகர்கள் வழியாகக் கப்பலேறி, 'கிழக்கிந்தியக் கிப்' என்னும் பெயரில் இலண்டனில் ஏலம் விடப்பட்டது. சாயமேற்றி மெருகிடும் வேலையும், அதற்குரிய இலாபமும் இங்கிலாந்துக்கு உரியன. சென்னை வணிகர் டேனரி உரிமையாளருக்கு முன்பணம் கொடுப்பார்; இலண்டனில் விற்றபின் கணக்குத் தீர்க்கப்படும். எனவே சரக்கு கடலில் செல்லும்போது விலை இறங்கினால் அந்த இழப்பு ஆம்பூர்க்காரரின் தலையில் விழும். பின்வரும் நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டை நினைவிற்கொள்வது நன்று.

போரும் செழிப்பும்

1914க்கு முன் இந்தியாவின் பச்சைத் தோல் வணிகத்தில் பெரும்பங்கு செருமானிய நிறுவனங்களின் கையில் இருந்தது. கல்கத்தாவிலிருந்து மாட்டுத்தோல்கள் ஆம்பர்க்கு, பிரெமன் துறைமுகங்களுக்குச் சென்றன. போர் தொடங்கியதும் அவ்வழி அடைபட்டது. அதே வேளையில் படைவீரர்களின் காலணிகளுக்கு மேல்தோல் ஏராளமாகத் தேவைப்பட்டது. 1916இல் பிரித்தானியப் போர் அலுவலகத்தின் பொருட்டு அரசே கிப் தோலை நிர்ணய விலையில் கொள்முதல் செய்யத் தொடங்கியது. வாங்குவோர் உறுதி, விலையும் உறுதி என்ற நிலையில் தொழில் விரிவடைந்தது.

1920: விலையும் நாணயமும்

கட்டுப்பாடு நீங்கிய 1919இல் விலைகள் மேலும் ஏறின. செப்டம்பர் 1919இல் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதித்தது. பேரரசுக்குள் பதனிடப்படும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பித் தரப்பட்டது. இந்தியப் பதனிடுவோர்க்குப் பாதுகாப்பு என்பது வெளிப்படையான நோக்கம். செருமனி பழைய வணிகத்தை மீண்டும் கைப்பற்றக்கூடாது என்பது அதனோடு இணைந்த மற்றொன்று. தோல் வரி என்ற சிறிய சட்டத்திலும் போரின் பகைமை தொடர்ந்தது எனலாம்.

1920இல் ஐரோப்பியச் சந்தை சரிந்தது. படைகள் கலைக்கப்பட்டன, கையிருப்பு மிகுந்திருந்தது, நடு ஐரோப்பாவில் வாங்குவோரிடம் பணமில்லை. நாணய மாற்று நிலைமையை மேலும் மோசமாக்கியது. 1920 தொடக்கத்தில் ஒரு ரூபாய் 2 சில்லிங்கிற்கும் மேல் மதிப்பேறியிருந்தது. இலண்டனில் பவுண்டில் விற்று ரூபாயில் பணம் பெறுவோருக்கு ரூபாய் ஏறுவது நட்டமே. அரசு 2 சில்லிங் வீதத்தைக் காக்க முயன்று அதே ஆண்டில் கைவிட்டது. ரூபாய் பின்னர் சரிந்தபோது வாங்குவோரே இல்லை. 1927இல் வீதம் 1 சில்லிங் 6 பென்சு என நிலைநிறுத்தப்பட்டது. ஏற்றுமதியாளர் பலர் கோரியது 1 சில்லிங் 4 பென்சு.

ஏற்றுமதி வரியும் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. கல்கத்தாவின் பச்சைத் தோல் வணிகர்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். சென்னை மாகாணப் பதனிடுவோர் ஆதரித்தனர். 1921-22ஆம் ஆண்டின் இந்திய நிதி ஆணையம் அதனை ஏற்கவில்லை. 1923இல் வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, பேரரசுச் சலுகையும் நீக்கப்பட்டது.

கிலாபத்து இயக்கம்

ஐரோப்பாவின் அரசியல் இவ்வூர்களுக்கு வணிகச் செய்தியாக மட்டும் வந்து சேரவில்லை. உதுமானிய சுல்தான் இசுலாமிய உலகின் கலீபாவாகவும் கருதப்பட்டார். ஆகஸ்ட் 1920இல் கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கை அவரது பேரரசைப் பங்கிட்டது. காந்தியும் சௌகத் அலியும் அதே மாதம் சென்னை மாகாணத்தில் மேற்கொண்ட பயணத்தில் ஆம்பூருக்கும் வந்தனர். யாகூப் அசன் போன்றோர் மாகாணத்தில் இயக்கத்தை முன்னின்று நடத்தினர்.

இதில் ஒரு முரண் உண்டு. 1917இல் பாக்தாதையும் எருசலேமையும் உதுமானியரிடமிருந்து கைப்பற்றிய படைகள் எந்தப் போர் அலுவலகத்தைச் சேர்ந்தனவோ, அதற்கே பாலாற்றங்கரைத் தோல் விற்கப்பட்டிருந்தது. ஒத்துழையாமைத் திட்டம் பட்டங்கள், நீதிமன்றங்கள், சட்டமன்றங்கள், அரசுப் பள்ளிகள், அந்நியத் துணி ஆகியவற்றைப் புறக்கணிக்கச் சொன்னது. தோல் ஏற்றுமதி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மார்ச் 3, 1924 அன்று துருக்கியக் குடியரசே கலீபா பதவியை ஒழித்ததும் இயக்கம் தன் காரணத்தை இழந்தது.

நிலைத்து நின்றவை கல்வி நிறுவனங்கள். வாணியம்பாடி இசுலாமியா கல்லூரி 1919இல் தொடங்கப்பட்டது. ஆம்பூருக்கு அருகில் உமராபாத்தில் ஜாமிஆ தாருசலாம் அரபுக் கல்லூரியைத் தோல் வணிகர் காக்கா முகம்மது உமர் 1924இல் நிறுவினார்.

பெருமந்தம்

அக்டோபர் 1929இல் நியூயார்க் பங்குச்சந்தை வீழ்ந்தது. மே 1931இல் வியன்னாவின் கிரெடிட் ஆன்சுடால்ட் வங்கி முறிந்து, சூலையில் செருமானிய வங்கிகள் மூடப்பட்டன. செப்டம்பர் 21, 1931 அன்று பிரித்தானியா தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. ரூபாய் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அதுவும் உடன் இறங்கியது. 1932இல் பிரித்தானியா விதித்த 10 விழுக்காட்டுப் பொது இறக்குமதி வரியிலிருந்து பேரரசுச் சரக்குகள் விலக்குப் பெற்றன. ஒட்டாவா மாநாட்டு ஒப்பந்தம் இந்தியப் பதனிட்ட தோலுக்கும் இதனை உறுதி செய்தது. ஆக, சந்தை சுருங்கினாலும் இலண்டன் கதவு திறந்திருந்தது. அதற்கு விலையும் இருந்தது: ஒரே நகரத்தை, ஒரே வகைச் சரக்கை நம்பியிருக்கும் பழக்கம் இன்னும் இறுகிற்று.

சுங்கச் சுவர்களுக்கு வேறொரு விளைவும் உண்டு. புதிய நாடான செக்கோசுலோவாக்கியாவின் பாட்டா நிறுவனம், ஏற்றுமதி கடினமானதால் வெளிநாடுகளிலேயே தொழிற்சாலைகளைத் தொடங்கியது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள பாட்டாநகர் இவ்வாறு 1934இல் உருவாகத் தொடங்கியதே.

தொழிலாளர் நிலை பற்றிய பதிவுகள் குறைவு. 1931இல் அறிக்கை அளித்த இந்தியத் தொழிலாளர் குறித்த அரச ஆணையம், தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்புக்குள் வராத தொழில்களைப் பற்றிய பகுதியில் பீடி, மைக்கா ஆகியவற்றோடு தோல் பதனிடுதலையும் ஆராய்ந்தது. விலை இறங்கிய ஆண்டுகளில் முதலாளிக்கு இலண்டன் கணக்கு இருந்தது. தொட்டியில் நின்றவருக்கு வேலை நின்றதே செய்தி.

பின்விளைவு

ஆவாரம் பட்டையின் இடத்தைத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை பெருமளவு பிடித்துக்கொண்டது. சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தோன்றியபின்னும் அரைப்பத ஏற்றுமதியே நீண்டகாலம் தொடர்ந்தது. 1972இல் சீதாராமையா குழு இதனை மாற்றப் பரிந்துரைத்தது. அதன்பின் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு ஒதுக்கீட்டு வரம்பு விதிக்கப்பட்டது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் முழுமைத் தோலும் காலணியும் பேரளவில் உருவாகத் தொடங்கியது அதற்குப் பிறகே.