மின்னஞ்சல் கணக்கை அமைக்கும்போது: 465ஆ, 587ஆ?

மின்னஞ்சல் கணக்கொன்றை நாமே கணினியில் அமைக்கும்போது ஒரு கேள்வி வரும்: எஸ்.எஸ்.எல்./டி.எல்.எஸ்.ஸா, ஸ்டார்ட் டி.எல்.எஸ்.ஸா? பலரும் ஏதோ ஒன்றைத் தெரிவு செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இதன் பின்னால் மென்பொருள் வல்லுநர்களிடையே சுமார் இருபது வருடங்கள் நீடித்த கருத்து வேறுபாடு இருக்கிறது.

முதல் முறையில் இணைப்பு முதலில் பூட்டப்படும், பேச்சு பிறகுதான். அஞ்சல் அனுப்ப இது 465ஆம் இலக்க வாயிலைப் பயன்படுத்துகிறது. இரண்டாவது முறையில், பொதுவாக 587ஆம் வாயிலில், பேச்சு திறந்தபடியே தொடங்கும். "பூட்ட முடியும்" என்று சேவையகம் அறிவித்த பிறகே பூட்டப்படும்.

1990களின் இறுதியில் இரண்டாவது முறையே வென்றது. ஒரே வாயில் போதும், பாதுகாப்புக்கெனத் தனி வாயில் வீண் என்பது அத்தரப்பின் வாதம். 465க்கான பதிவும் விலக்கப்பட்டது. மறுதரப்பு கேட்டது: இடையில் நிற்பவன் அந்த அறிவிப்பை அழித்துவிட்டால்? "முடிந்தால் மட்டும் பூட்டு" என அமைத்த மென்பொருள், நமது கடவுச்சொல்லைத் திறந்தபடியே அனுப்பிவிடும்.

2018 ஜனவரியில் வெளியான ஆர்.எப்.சி. 8314 என்ற இணையத் தர ஆவணம் முதல் முறையைப் பரிந்துரைத்தது. 465 மீண்டும் வந்தது. பழைய மென்பொருட்களுக்காக 587உம் தொடர்கிறது.

ஆகவே தெரிவு இருந்தால் அனுப்ப 465, ஐமேப் வழியாகப் பெற 993. 587 மட்டுமே இருந்தால் பூட்டைக் கட்டாயமாக்குங்கள். ஏனைய கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் இதே மின்னஞ்சலுக்குத்தானே வருகிறது!