டி.எஸ்.எச். கூடினால் உடனே மாத்திரையா?

டி.எஸ்.எச். 6.8, டி4 சரியான அளவில். தைராய்டு கெட்டுவிட்டதா?

டி.எஸ்.எச். தைராய்டில் சுரப்பதல்ல. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 சற்றுக் குறைந்தாலே டி.எஸ்.எச். மளமளவென ஏறும். கோளாறு முதலில் இதில் தெரிவது அதனால்தான். ஆனால் கடும் நோயிலிருந்து தேறும்போதும் அது தற்காலிகமாக ஏறலாம். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைகூடச் சில பரிசோதனைகளில் அளவைத் தவறாகக் காட்டிவிடும். லேபில் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஆகவே இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. கூடவே தைராய்டைத் தாக்கும் டி.பி.ஓ. எதிரணு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். இருந்தால், தைராய்டு மேலும் சோர்வடையும் வாய்ப்பு அதிகம்.

டி.எஸ்.எச். 10-க்கு மேல் நீடித்தால் பெரும்பாலும் லெவோதைராக்சின் மாத்திரை தொடங்குவார்கள். அதற்குக் கீழே என்றால் வயதும் அறிகுறியும் முடிவுசெய்யும். 65 வயதைத் தாண்டிய 737 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், மாத்திரை சோர்வைக் குறைக்கவில்லை. மாத்திரையின் அளவு மீறினாலோ முதியவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம்.

கர்ப்பிணிகள் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.