20 நொடி வேகம்... 10 நொடி ஓய்வு! எந்த எந்திரம் ஈடு கொடுக்கும்?

சென்னை பெரியமேடு. நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி விளையாட்டுச் சாமான் கடைகள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் தோளில் சாப்பாட்டுப் பையோடு எட்டிப் பார்க்கிறார்கள். கண் எல்லாம் பளபளவென்று நிற்கும் டிரெட்மில் மேல்தான்.

"அண்ணே, இந்த 'ஹிட்'டுன்னு சொல்றாங்களே, அதுக்கு இது சரிப்படுமா?"

"எல்லாத்துக்கும் சரிப்படும் சார்! மாசத் தவணை கூட இருக்கு!"

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

'ஹிட்' என்றால் அடிதடி அல்ல. 'ஹை இன்டென்சிட்டி இன்டர்வெல் டிரெயினிங்' என்ற நீளமான பெயரின் சுருக்கம். சில நொடி உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கிக் கொள்ளலாம். மறுபடி உழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சங்கதி பழசு. செக்கோஸ்லோவாகியா ஓட்டக்காரர் எமில் சாட்டோபெக் 400 மீட்டரை வேகமாக ஓடுவார், மெல்ல ஓடி இளைப்பாறுவார், திரும்ப வேகமெடுப்பார். இப்படியே பல சுற்று. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் அவருக்கே தங்கம்!

1996-ல் ஜப்பான் விஞ்ஞானி இசுமி தபாட்டா குழுவினர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 20 நொடி முழு மூச்சாக உழைப்பு, 10 நொடி ஓய்வு. 7 அல்லது 8 சுற்று. மொத்தம் 4 நிமிடம்தான். 6 வாரத்தில் இளைஞர்களின் மூச்சுத் திறன் கூடியது. குறுகிய நேரத்தில் கொட்டி உழைக்கும் திறன் 28 சதவீதம் ஏறியது. அவர்கள் அந்தப் பயிற்சியைச் செய்தது டிரெட்மில்லில் அல்ல. ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில்!

தாடை பெயரும்!

காரணம் இருக்கிறது. டிரெட்மில்லை ஓட்டுவது மோட்டார். பொத்தானை அமுக்கினால் பெல்ட் மெல்ல மெல்லத்தான் வேகம் பிடிக்கும். அது வேகம் பிடிப்பதற்குள் உங்கள் 20 நொடியில் பெரும்பங்கு போய்விடும். குறைக்கவும் அதே கதை. 10 நொடி ஓய்வு எங்கே கிடைக்கும்?

சிலர் இதற்கு ஒரு தந்திரம் செய்கிறார்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பக்க ஓரத்திலும் காலை வைத்து நிற்பார்கள். பிறகு ஓடும் பெல்ட்டில் திரும்பக் குதிப்பார்கள். ஓடும் பஸ்ஸில் ஏறுகிற வேலை இது. கால் தவறினால் தாடை பெயரும்.

ஹெச்.பி. புருடா

அடுத்தது மோட்டார். '6 ஹெச்.பி. பீக்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். 6 ஹெச்.பி. என்றால் 4,476 வாட்.

வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 16 ஆம்பியர் பிளக்கை எடுத்துக் கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் அது தருவது 3,680 வாட். 5 ஹெச்.பி. கூடத் தேறாது! சாதாரண 6 ஆம்பியர் பிளக் என்றால் 1,380 வாட். 2 ஹெச்.பி.க்கும் கீழே. அப்புறம் அந்த 6 எங்கிருந்து வந்தது? 'பீக்' என்பது ஒரு கணம் எட்டிப் பார்க்கும் உச்சம். "கண்டினியூஸ் எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைக்காரர் அட்டையைப் புரட்டித் தேட ஆரம்பித்தால் உஷார்!

குழந்தை இருக்கிற வீடு என்றால் இன்னும் ஜாக்கிரதை. 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலட்டான் கம்பெனி தன் 'டிரெட் பிளஸ்' எந்திரங்கள் சுமார் 1 லட்சத்து 25 ஆயிரத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. பின்பக்கம் பெல்ட்டுக்கு அடியில் இழுக்கப்பட்டு ஒரு குழந்தை பலி. 70-க்கும் மேற்பட்ட புகார்கள். எந்த டிரெட்மில்லாக இருந்தாலும் ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

காற்றோடு மல்லுக்கட்டு

'ஏர் பைக்' என்று ஒன்று விற்கிறது. முன் சக்கரம் பெரிய மின்விசிறி மாதிரி இருக்கும். ஆனால் கரண்டு கிடையாது. காலால் மிதிக்க வேண்டும், கையாலும் தள்ளி இழுக்க வேண்டும். வேகமாக மிதித்தால் காற்று எதிர்த்து நிற்கும். வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் சக்தி சுமார் 8 மடங்கு! நீங்கள் தளர்ந்தால் அதுவும் தளரும். பட்டன் அமுக்க வேண்டாம். 'ஹிட்'டுக்கு இதுதான் சரியான ஜோடி. முட்டிக்கு அதிர்ச்சியும் குறைவு.

குறை ஒன்று உண்டு. சத்தம். அடுக்குமாடியில் விடியற்காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். சத்தம் ஆகாதென்றால் காந்தத் தடை உள்ள 'ஸ்பின் பைக்' பார்க்கலாம். அதில் கனமான சக்கரம் சுழலும். பல மாடல்களில் நீங்கள் நிறுத்தினாலும் பெடல் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் குமிழ் எங்கே என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். படகு வலிக்கும் எந்திரமும் நல்லதுதான். ஆனால் 8 அடி நீளம் கேட்கிறது. ஒண்டுக் குடித்தனக்காரர் எங்கே போவார்?

எந்த சைக்கிளானாலும் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்காதீர்கள். கடையிலேயே 20 நொடி வெறித்தனமாக மிதியுங்கள். ஆடுகிறதா, ஸ்க்ரூ கிறீச்சிடுகிறதா என்று அப்போதுதான் தெரியும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். பணம் உங்களுடையது.

மலிவோ மலிவு

சில நூறு ரூபாய்க்கு ஸ்கிப்பிங் கயிறு. நடுவில் ஒரு காலால் மிதித்துக்கொண்டு இழுத்தால் கைப்பிடி அக்குள் வரை வரவேண்டும். அதுதான் உங்கள் அளவு. முட்டிவலிக்காரர்களுக்கும் உடம்பு ரொம்பக் கனத்தவர்களுக்கும் கயிறு ஆகாது. அவர்களுக்கு சைக்கிள்தான். மாடிப்படி இன்னும் மலிவு. வேகமாக ஏறுங்கள், மெதுவாக இறங்குங்கள். மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்கப் படியேறி ஓடுகிறவர் தெரியாமலே பாதி 'ஹிட்' செய்துவிடுகிறார்!

எது வாங்கினாலும் அதற்கு முன்னால் ஒரு செலவு. 40 வயது தாண்டி, நாள் பூராவும் நாற்காலியில் இருப்பவர், பிரஷர், சர்க்கரை, சிகரெட் பழக்கம் உள்ளவர், முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். திடீரென்று முழு வேகத்தில் பாய்ந்தால் இதயத்துக்குத் தாங்காது. முதலில் 5 நிமிடம் மெல்ல மிதித்து உடம்பைச் சூடாக்குங்கள். வாரம் 2, 3 நாள் போதும். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் ஒரு ரவுண்டு" வேண்டாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "எனக்கு டிரெட்மில்தான் வேணும்" என்கிறீர்களா? நடப்பதற்கு நல்ல சாமான்தான். புதுசு வாங்குமுன் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். யார் வீட்டு பால்கனியிலாவது ஒன்று துணி காயப்போடப் பயன்பட்டுக்கொண்டிருக்கும். பாதி விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம். சாவி தொலையாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.