அட்வான்ஸ் யாருடைய பணம்?

மாதக் கடைசி ஞாயிறு. கட்டில், பீரோ, துளசிச்செடி எல்லாம் டாடா ஏஸில் ஏறியாகிவிட்டது. காலியான ஹாலில் வீட்டுக்காரர் நடந்து பார்க்கிறார். ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டுகிறார், பாத்ரூம் குழாயைத் திறந்து மூடுகிறார். ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் மட்டும் சுவர் புதுசாக இருக்கிறது. அதன் பக்கத்தில், குழந்தை எட்டிய உயரம் வரை க்ரேயான் கிறுக்கல்.

“பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்கறது வழக்கம் சார்.”

“மூணு வருஷம் இருந்திருக்கோம். போகட்டும், மீதி?”

“புது ஆள் வரட்டும். அவங்க அட்வான்ஸ் கைக்கு வந்த அன்னிக்கே ஜி-பே பண்ணிடறேன்.”

சென்னையில் இந்தக் கடைசி வரியைக் கேட்காமல் வீடு மாறியவர்கள் கொடுத்துவைத்தவர்கள். குடித்தனக்காரருக்கோ புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அந்தப் பணம்தான் வேண்டும். அவர் கைமாற்று வாங்குகிறார். மூன்று வருஷம் பொங்கலுக்குப் பொங்கல் பரிமாறிக்கொண்டவர்கள் அந்த ஒரு மாதத்தில் விரோதிகளாகிறார்கள்.

வீட்டுக்காரர் ஏமாற்றுக்காரரா என்றால், பெரும்பாலும் இல்லை. கீழே தாம் குடியிருந்துகொண்டு மேலே ஒன்றோ இரண்டோ போர்ஷன் வாடகைக்கு விடுகிற சின்ன வீட்டுக்காரரின் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ரிட்டயரான பணமும் வங்கிக் கடனும் சேர்ந்து மாடி எழும்புகிறது. கிரில் கேட், மோட்டார், ஓவர்ஹெட் டேங்க் என்று வரும்போது கை காலி. முதல் குடித்தனக்காரரின் அட்வான்ஸ் அதில் போய்விடுகிறது. அன்றிலிருந்து அந்த வீடு எப்போதும் ஓர் அட்வான்ஸ் கடனில்தான் நிற்கிறது. இரண்டாமவர் கொடுப்பது முதலாமவருக்கு, மூன்றாமவர் கொடுப்பது இரண்டாமவருக்கு. நடுவில் ஒருவர் வரத் தாமதமானால் சங்கிலி அறுந்துவிடுகிறது.

அட்வான்ஸ் வருமானமல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். சின்ன வீட்டுக்காரரின் தலைவலிகளில் பாதி, இதை வருமானமாக நினைத்த நாளில் ஆரம்பித்ததுதான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வாடகை 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னையின் பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்றால் 1,50,000. மூன்று மாதம் மட்டும் வாங்கினால் 45,000. வித்தியாசம் 1,05,000. அதை ஏழு சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் வருஷத்துக்குக் கிடைப்பது 7,350 ரூபாய், அதாவது பதினைந்து நாள் வாடகைகூட இல்லை. பத்து மாதம் கொடுக்கிற ஆளுக்காகத்தான் காத்திருப்பேன் என்று வீட்டை மூன்று வாரம் பூட்டி வைத்தால், அந்த வருஷத்து வட்டி முழுசும் போய், மேலே கைப்பணமும் போகிறது. டு-லெட் போர்டு தொங்குகிற ஒவ்வொரு நாளும் 500 ரூபாய் நஷ்டம். ஆனால் இந்த நஷ்டம் எந்த பில்லிலும் வருவதில்லை; அதனால் கண்ணில் படுவதும் இல்லை.

சட்டமும் மூன்று மாதத்தைத்தான் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மாற்றி, 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும். ‘புது ஆள் வரட்டும்’ என்ற வசனத்துக்குச் சட்டத்தில் இடமே கிடையாது.

வாடகை நின்றுவிடுமோ என்ற வீட்டுக்காரர்களின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். இரண்டு மாத வாடகை நின்றால் நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள்ளும் கட்டவில்லை என்றால்தான் அந்தக் காரணத்தை வைத்து வாடகை நீதிமன்றப் படியேற முடியும். ஆக, வழக்குப் போடும்போதே மூன்று மாத அட்வான்ஸ் கரைந்திருக்கும். அதன்பின் நடக்கிற மாதங்களுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. பழைய சட்டத்தில் ஒரு வழக்கு அப்பா காலத்தில் தொடங்கிப் பிள்ளை காலத்தில் முடிந்த கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு, பத்து மாதம் என்பது பேராசையல்ல, தற்காப்பு. என் யோசனை, ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு நடுவாக ஐந்து மாதம் வாங்கலாம், அதையும் தொடாமல் ஒரு தனி டெபாசிட்டில் போட்டு வைக்கலாம் என்பதுதான். வட்டி வீட்டுக்காரருக்கே இருக்கட்டும். வாடகை வந்து விழுகிற கணக்கில் மட்டும் அதைக் கலக்கக் கூடாது.

ஒருவர் பணத்தை அடுத்தவர் பணத்தால் அடைக்கிற இதே சுழலின் பெரிய வடிவம்தான் சென்னையில் லீஸ் என்றும் மதுரைப் பக்கம் ஒத்தி என்றும் சொல்வது. மாத வாடகை கிடையாது. லட்சக்கணக்கில் மொத்தமாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது மொத்தமாகத் தர வேண்டும். மகள் கல்யாணத்துக்கு அந்தப் பணத்தை எடுத்துவிட்டு, அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலையும் வீட்டுக்காரர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். ஒத்திக்குப் போகிறவர் வில்லங்கச் சான்று போட்டு, வங்கி அடமானம் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

பெயின்டிங்குக்கு வருவோம். ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது எழுதாத சட்டம்போல நடக்கிறது. எழுதிய சட்டம் வேறு சொல்கிறது. யார் எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியலே இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, தேவைப்படும்போது பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் தலையில். குழாய், அதன் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதன்படி. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டி “அங்கிள், குழாய் சொட்டுது” என்பதும், “அதெல்லாம் நீங்களே பாத்துக்கணும்” என்று எரிந்து விழுவதும் தேவையே இல்லை. அந்தப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து ஒப்பந்தத்தோடு பின் அடித்து வைத்தால் போதும். குடிவரும் அன்றே இரண்டு பேரும் சேர்ந்து வீடு முழுக்க வீடியோ எடுத்து, இருவர் வாட்ஸ்அப்பிலும் வைத்துக்கொண்டால், க்ரேயான் எப்போது வந்தது என்ற வாதமும் எழாது.

பதினொரு மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பத்திரப் பதிவு தேவை என்பதைத் தாண்டுவதற்காக வந்தது. ஸ்டாம்ப் பேப்பரில் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து டைப் அடித்து, கையெழுத்துப் போட்டுப் பீரோவில் வைத்தால் முடிந்தது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். புதிய சட்டத்தில் எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் ஆன்லைனில் பதிந்து எண் வாங்க வேண்டும். நாளைக்குத் தகராறு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது அந்தக் காகிதம்தான்.

பான் நம்பர் கேட்டால் முகம் மாறுகிற வீட்டுக்காரர்களும் உண்டு. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும் சம்பளக்காரர் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் வரித்துறை வந்துவிடும் என்று பயம். வருஷத்துக்கு 1,80,000 வாடகை என்றால், கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே தள்ளுபடி செய்கிறது. வரிக் கணக்கில் சேர்வது 1,26,000-க்கும் கீழே. வேறு பெரிய வருமானம் இல்லாத ரிட்டயர்டு ஆளுக்கு அநேகமாக வரியே வராது. இல்லாத வரிக்குப் பயந்து, மாசம் ஒன்றாம் தேதி வாடகை போடுகிற நல்ல ஆளை விரட்டுவது என்ன கணக்கோ!

மின்சாரத்தில் ஒரே யோசனை: போர்ஷனுக்குத் தனி மீட்டர். சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீட்டில், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் யாருக்குப் போகிறது என்ற சந்தேகம் புகைந்துகொண்டே இருக்கும். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டில் இருப்பதும் அப்படித்தான். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரன்டையோ நிறுத்துவது சட்டப்படி தடைசெய்யப்பட்ட செயல். கோபத்தில் செய்த அந்த ஒரு காரியமே வீட்டுக்காரரின் நியாயமான வழக்கைப் பாழாக்கும்.

இனி ஆடி. ஜூலை பாதியில் தொடங்கி ஆகஸ்ட் பாதி வரை புது வீட்டுக்குக் குடிபோக ஆள் வராது. ஆனி கடைசியில் காலியான வீடு ஆவணி வரை சும்மா கிடக்கும். இதற்கும் ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. ஆனியிலேயே நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமானை ஆடியில் மெதுவாக இறக்குகிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம், பால் காய்ச்சிய நாளிலிருந்து வாடகையா, சாமான் இறக்கிய நாளிலிருந்தா என்று கறாராக மல்லுக்கட்டி ஆளைக் கோட்டைவிட்ட வீட்டுக்காரர்கள் உண்டு. நம் கணக்கில் பத்து நாள் விட்டுக்கொடுத்தால் 5,000 ரூபாய். ஆவணிக்குக் காத்திருந்தால் 15,000. அந்தப் பத்து நாளை விட்டுக்கொடுப்பதையும் வாயால் சொல்லாமல் ஒப்பந்தத்தில் ஒரு வரியாகத் தேதியோடு எழுதிவிடுங்கள்.