சின்ன ரிவால்வர்... பெரிய தோட்டா... தற்காப்புக்கு சரியா வருமா?

அமெரிக்காவில் தற்காப்புக்கு ரிவால்வர் வாங்கும் பலருடைய ஆசை: 'கைக்கு அடக்கமா இருக்கணும், தோட்டா பெருசா இருக்கணும்.' ஆனா, இதில் ஒரு சிக்கல் இருக்கு.

உதாரணம் எது?
1973-ல் வந்த சார்ட்டர் ஆர்ம்ஸ் புல்டாக். எடை சுமார் 600 கிராம்தான். ஆனால் சுடுவதோ '.44 ஸ்பெஷல்' என்ற பெரிய தோட்டா. அதனால் 6 தோட்டாவுக்குப் பதில் 5 தான் பிடிக்கும்.

என்ன சிக்கல்?
எடை பாதியானால், அதே தோட்டாவுக்குத் துப்பாக்கி இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் உதைக்கும். கை துள்ளும், அடுத்த குண்டு குறி தவறும். குழாய் குட்டையாக இருப்பதால் குறி பார்ப்பதும் கஷ்டம். வலிக்குப் பயந்து பலர் பயிற்சியையே விட்டுவிடுவார்கள்.

வழி என்ன?
'.357 மேக்னம்' ரிவால்வரில் உதை குறைந்த '.38 ஸ்பெஷல்' தோட்டாவையும் போட்டுப் பழகலாம். '.38' ரிவால்வரில் மேக்னம் தோட்டாவைப் போடவே கூடாது.

வாங்குவதற்கு முன் பயிற்சி மையத்தில் வாடகைக்கு எடுத்து, ஐந்து குண்டும் குறியில் விழுதா என்று பார்ப்பது முக்கியம். ஏன்னா, வீட்டுக்குள் குறி தவறும் குண்டு சுவரைத் துளைத்து, காப்பாற்ற நினைத்தவர் மேலேயே பாயலாம்.