அரிசி மூட்டைக்கும் உலைக்கும் நடுவே

போர் நடக்கும் நாட்டுக்கு நிவாரணப் பொருள் திரட்ட அதிக நாள் ஆவதில்லை. திரட்டியது பசித்தவர் வீட்டு உலைக்குப் போய்ச் சேரத்தான் நாளாகிறது. 2009-இல் ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரிட்டனில் வாழும் ஈழத்தமிழர்கள் இலங்கையின் வன்னிப் போர்ப் பகுதியில் சிக்கியிருந்த மக்களுக்காக 884 டன் உணவும் மருந்தும் சேர்த்தார்கள். அதை ஏற்றிய கப்பலின் பெயர் கேப்டன் அலி. அந்தப் பயணத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'வணங்கா மண்'. கப்பல் பிரான்சிலிருந்து கிளம்பி இலங்கையை நெருங்குவதற்குள் போரே முடிந்துவிட்டது.

ஜூன் 4-ஆம் தேதி இலங்கைக் கடற்படை அதை மறித்துச் சோதனை போட்டது. ஆயுதம் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் இறக்க அனுமதியில்லை, திரும்பிப் போ என்று சொல்லிவிட்டது. கப்பல் சென்னைக்கு வெளியே நடுக்கடலில் வந்து நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தது. தமிழக அரசு டெல்லியிடம் பேசியது, டெல்லி கொழும்பிடம் பேசியது. செஞ்சிலுவைச் சங்கம் வழியாக என்றால் ஏற்கிறோம் என்று கொழும்பு இறங்கி வந்த பிறகு, சென்னைத் துறைமுகத்தில் பொருளை இறக்கி, 27 கன்டெய்னர்களில் அடைத்து, கேப் கொலராடோ என்ற வேறொரு கப்பலில் ஏற்றினார்கள். ஜூலை 9-இல் அது கொழும்பு போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து, போரில் தப்பியவர்களை வைத்திருந்த முகாம்களுக்கு லாரியில் சில மணி நேரப் பயணம்தான். ஆனால் துறைமுகக் கட்டணத்தை யார் கட்டுவது, வரிவிலக்கு யார் கொடுப்பது என்ற பேச்சில் கன்டெய்னர்கள் மாதக்கணக்கில் அங்கேயே நின்றன.

ஒரு நாட்டு எல்லைக்குள் நிவாரணம் போக அந்த நாட்டு அரசின் சம்மதம் வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. உள்நாட்டுப் போர் என்றால் சிக்கல் கூடுகிறது. சம்மதம் தர வேண்டிய அரசே சண்டையில் ஒரு தரப்பு. பசித்திருப்பவர்கள் மறு தரப்பின் பிடியில் இருக்கிறார்கள். அங்கே போகும் அரிசி தன் எதிரியின் வயிற்றுக்குத்தான் போகும் என்பது அரசின் வாதம். ஜெனீவா ஒப்பந்தங்களின் பொது மூன்றாம் பிரிவு இதற்கு ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு போன்ற பக்கச்சார்பற்ற அமைப்பு ஒன்று இரு தரப்புக்கும் தன் சேவையை வழங்க முன்வரலாம். முன்வரலாம், அவ்வளவுதான். ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று அதில் எழுதவில்லை.

நைஜீரியாவின் பியாஃப்ராப் பகுதியில் 1967 முதல் 1970 வரை நடந்த போரில் இந்தச் சிக்கல் உலகத்துக்கே தெரிந்தது. சம்மதத்துக்காகக் காத்திருப்பதா, கண்ணால் கண்டதை வெளியே சொல்வதா என்று அங்கே வேலை செய்த பிரெஞ்சு மருத்துவர்களுக்கு எழுந்த கேள்வியிலிருந்துதான் 1971-இல் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு பிறந்தது.

இலங்கையில் முதலில் முட்டுக்கட்டை விழுந்தது யாழ்ப்பாணத்தில். 1987-இல் யாழ்ப்பாணக் குடாநாட்டை இலங்கைப் படை சூழ்ந்தபோது, ஜூன் 3-ஆம் தேதி ராமேசுவரத்திலிருந்து சுமார் 20 படகுகள் நிவாரணப் பொருளோடு செஞ்சிலுவைக் கொடியுடன் கிளம்பின. இலங்கைக் கடற்படை அவற்றை வழியிலேயே திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானப்படையின் 5 சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு பறந்துபோய் யாழ்ப்பாணத்தின் மேல் 25 டன் பொருளைப் போட்டுவிட்டு வந்தன. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். குடாநாட்டின் ஏழெட்டு லட்சம் பேருக்கு 25 டன் என்றால் ஆளுக்கு 30 கிராம் சொச்சம், ஒரு கைப்பிடி அரிசிகூட இல்லை. அது பசிக்குப் போட்டதல்ல, கொழும்புக்குச் சொன்ன சேதி. இரண்டு மாதம் முடிவதற்குள் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, அமைதிப்படை போய் இறங்கியது.

1990-இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு மண்ணெண்ணெய், பெட்ரோல், பேட்டரி, சிமெண்ட், உரம் என்று நீண்ட தடைப்பட்டியல் வந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெயை ஊற்றி, மெல்லிய திரி போட்டு விளக்கேற்றினார்கள். போத்தல் சுவரே காற்றுக்கு மறைப்பு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இன்று உலகெங்கும் இருக்கிறது. பெட்ரோலைச் சொட்டாக விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். சோப்புக்குப் பதில் பனம்பழத்தால் துணி துவைத்தார்கள்.

இதில் வெளியாருக்கு விளங்காத ஒரு விசித்திரம் உண்டு. அரசை எதிர்த்துப் போரிட்ட விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலும், அரச அதிபர்கள் எனப்படும் கொழும்பின் மாவட்ட அதிகாரிகள் கச்சேரி என்ற மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அரசே சம்பளம் அனுப்பியது. நிவாரண அரிசி சங்கக்கடை என்ற கூட்டுறவுக் கடை வழியாகத்தான் கிடைத்தது. ஒரு கையால் தடை, மறு கையால் படி. இந்த ஏற்பாட்டில் எத்தனை பேருக்கு அரிசி என்று கணக்கெழுதும் இடம்தான் உயிர்நாடி. தலைக்கணக்கு குறைந்தால் மூட்டை குறையும்.

2009-இல் நடந்தது அதுதான். 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று அரசு சொன்னதும் ஐ.நா. அமைப்புகள் கிளிநொச்சியைக் காலி செய்துகொண்டு கிளம்பின. போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் கூடி நின்று கெஞ்சினார்கள். அதன்பின் உள்ளே நடந்ததைப் பார்க்க அனேகமாக வெளியார் கண்ணே இல்லை. உள்ளே இருப்பவர்கள் 70,000 பேர்தான் என்று அரசு கணக்குச் சொன்னது; உணவும் மருந்தும் ஏறக்குறைய அந்த அளவுக்கே அனுமதிக்கப்பட்டன. கடைசியில் உயிரோடு வெளியே வந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டுமே 2,80,000-க்கு மேல்.

புலிகளும் மக்களை வெளியேற விடவில்லை; தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள் என்பதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிவு செய்திருக்கிறது. கடைசிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று சொன்னதும் அதே அறிக்கைதான். மருத்துவமனைகள் குண்டுவீச்சுக்கு உள்ளானதையும் அது விவரிக்கிறது. ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று அதன் சொந்த உள் விசாரணையே 2012-இல் ஒப்புக்கொண்டது.

2009 ஜனவரியோடு தரைவழி அடைபட்டது. மிஞ்சியது கடல்வழி. செஞ்சிலுவைக் குழு அமர்த்திய கிரீன் ஓஷன் என்ற கப்பல் புதுமாத்தளன் கரைக்கு வெளியே நிற்கும். காயம்பட்டவர்களைச் சிறு வள்ளங்களில் ஏற்றி அதற்குக் கொண்டுபோவார்கள். திரும்பும் வள்ளத்தில் உணவு மூட்டை வரும். பிப்ரவரி முதல் மே வரை நோயாளிகளும் உடன் போனவர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி வெளியேறினார்கள். கரையில் இருந்தவர்களுக்குக் கொட்டில்களில் கிடைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி. இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் தெருமுனைகளில், போர் முடிந்த இடத்தின் பெயரால் 'முள்ளிவாய்க்கால் கஞ்சி' என்று அதையே காய்ச்சி, வழிப்போக்கர்களுக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

நிவாரணம் செய்பவர்கள் மீதும் சந்தேகம் விழுந்தது. கொட்டில் போட்டுக் கஞ்சி ஊற்றிய தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தை, புலிகளுக்குப் பணம் சேர்க்கும் முகமூடி என்று சொல்லி 2007 நவம்பரில் அமெரிக்கா அதன் சொத்துகளை முடக்கியது. அதே மாதம் இலங்கையும் தடை விதித்தது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் தப்பலாம் என்பதும் இல்லை. 2006 ஆகஸ்டில் மூதூரில், பிரான்ஸின் 'பசிக்கு எதிரான நடவடிக்கை' அமைப்பின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டுச் சின்னம் பொறித்த சட்டையைப் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தவர்கள் அந்த மண்ணின் பிள்ளைகள்.

போர் முடிந்தபின் பெரும்பாலோரைச் செட்டிக்குளத்துக்கு அருகே மெனிக் பாமில் வைத்தார்கள். காட்டைத் திருத்திக் கூடாரம் போட்ட அந்த முகாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயர். சுற்றிலும் முள்கம்பி, வாசலில் படை. 2009 டிசம்பர் வரை வெளியே போக அனுமதியில்லை. உதவி நிறுவனங்களுக்கு இது தர்மசங்கடம். தண்ணீரும் கழிப்பறையும் கட்டிக் கொடுத்தால் சிறைக்குச் செலவு செய்ததாகிவிடும். கொடுக்காவிட்டால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாகும். பெரும்பாலானவை கொடுத்தன. கொடுத்ததுதான் சரி. முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது.

வணங்கா மண் கப்பலின் 884 டன் இந்தக் கூட்டத்துக்கு எந்த மூலைக்கு? ஆளுக்கு நாளைக்கு அரை கிலோ உலர் உணவு என்று வைத்தால் 2,80,000 பேருக்கு ஒரு நாளுக்கு 140 டன் வேண்டும். முழுக்கப்பலும் அரிசி என்றே கொண்டாலும் ஆறு நாளைக்குத்தான் காணும். தனியார் திரட்டும் உதவி எவ்வளவு மனமுவந்து தந்ததாக இருந்தாலும் அரசுகளின் உதவிக்கு ஈடாகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். 2008 நவம்பரில் தமிழ்நாட்டு மக்களிடம் திரட்டிய சுமார் 1,700 டன் பொருள் அதிகச் சச்சரவில்லாமல் போய்ச் சேர்ந்தது. இரு அரசுகளும் முன்பே பேசி வைத்து, விநியோகத்தைச் செஞ்சிலுவைக் குழுவிடம் விட்டதால் வந்த பலன் அது. பிறகு இந்தியா 2,50,000 குடும்பப் பொதிகளையும், பத்து லட்சத்துக்கு மேல் கூரைத் தகடுகளையும், 95,000 விவசாயக் கருவித் தொகுப்புகளையும் அனுப்பியது. இந்திய மருத்துவக் குழு ஒன்று 50,000 பேருக்கு மேல் வைத்தியம் பார்த்தது.

பணமாக அனுப்புவதற்கு இத்தனை வாசல்கள் இல்லை. லண்டனில் ஒருவர் கடைக்காரரிடம் பவுண்டைக் கொடுப்பார். வவுனியாவில் இன்னொருவர் ரூபாயைக் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார். 'உண்டியல்' என்று பேச்சுவழக்கில் சொல்லும் இந்த வழிக்குச் சட்டத்தில் இடமில்லை, ரசீதும் இல்லை. ஆனால் முகாமிலிருந்து வெளியே வந்த பல குடும்பங்களின் முதல் மாதத்தை ஓட்டியது அதுதான்.

ஊரைவிட்டு இந்தியாவுக்கு வந்தவர்களின் கதை வேறு. 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். 2021-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் சொன்னபடி சுமார் 58,800 பேர் முகாம்களில், 34,000 பேர் வெளியே. சென்னைக்குப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் முகாம்கள் உண்டு. வெளியே இருப்பவர்கள் வளசரவாக்கம், போரூர், ஐயப்பன்தாங்கல் என்று மேற்குப் புறநகர்களில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். முகாம்வாசிகளுக்கு உள்ள மாத உதவித்தொகை இவர்களுக்குக் கிடையாது. காவல் நிலையத்தில் பதிவு மட்டும் கட்டாயம். வீடு பார்க்கப் போகும்போது பேச்சிலேயே ஊர் தெரிந்துவிடும். முகாம்களில் வீடு கட்டவும் மற்ற வசதிகளுக்குமாக 317 கோடி ரூபாயை அரசு அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது.

2022-இல் இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது தமிழக அரசு முதலில் தமிழ் மக்களுக்கு உதவி அனுப்ப விரும்பியது. பிறகு எல்லா மக்களுக்கும் என்று அதை விரித்தது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், 137 வகை மருந்து என்று பட்டியல் போட்டு, சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி, ஒன்றிய அரசின் அனுமதியையும் வாங்கியது. மே 18-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியோடு முதல் கப்பல் கிளம்பியது. 22-ஆம் தேதி அது கொழும்பில் நின்றது.