எந்த வங்கியில் போடலாம்?

சென்ற பொங்கல் விழாவில் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த இளைஞர் ஒருவர், "சார், இந்த ஊரில் எந்த பேங்க் நல்ல பேங்க்?" என்று கேட்டார். டோம்பிவிலிக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறதாம். சம்பளக் கணக்கைக் கம்பெனியே திறந்து கொடுத்துவிட்டது. சேமிப்பை எங்கே போடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்தில் பலருக்கும் பயன்படலாம்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன் அல்ல. டிப்ளமா முடித்து 1981ல் மத்திய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, 38 வருடம் வேலை பார்த்து 2019ல் ஓய்வு பெற்றவன். சிக்னல்காரனுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. "இது நன்றாக வேலை செய்கிறதா?" என்பது இரண்டாவது கேள்வி. "இது கெட்டுப்போனால் என்ன ஆகும்?" என்பதுதான் முதல் கேள்வி. பழைய கை சிக்னலில் கம்பி அறுந்துவிட்டால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்து நிற்கும். பழுது வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பழுதால் வண்டி மோதக்கூடாது. அதற்கான ஏற்பாடு அமைப்பிலேயே இருக்க வேண்டும்.

வேலையில் தினமும் கேட்ட இந்தக் கேள்வியை, ஓய்வு பெற்றபின் என் சொந்தப் பணத்துக்குக் கேட்க மறந்தேன்.

எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்தவர், நம் தமிழர், வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் பார்ப்பவர். ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ஒரு பத்சன்ஸ்தாவுக்கு டெபாசிட் சேர்த்துக் கொடுத்துவந்தார். வங்கிகள் 7 சதவிகிதம் கொடுத்தபோது அங்கே 11 சதவிகிதம். கவுன்டர், பாஸ்புக், கண்ணாடிக் கதவு எல்லாம் வங்கி மாதிரியே இருந்தன. பங்குத்தொகை கட்டி உறுப்பினராகி 3 லட்சம் போட்டேன். என் மனைவியின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கென்று ஒதுக்கிய பணம் அது. ஒன்றரை வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு, "அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். அப்புறம் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். இதுவரை 40 ஆயிரம் ரூபாய் திரும்பி வந்திருக்கிறது. அறுவைச் சிகிச்சை இரண்டு வருடம் தள்ளிப்போய், கடைசியில் மகன் பணத்தில்தான் நடந்தது. மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. படி ஏறும்போது அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்குத்தான் வலித்தது.

அந்த நண்பரும் தம் பணத்தை அங்கேதான் இழந்தார். அவர் என்னை ஏமாற்றவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேனே தவிர, அந்த நிறுவனம் என்ன வகை என்று பார்க்கவில்லை. தவறு அங்கேதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பகுதியில் பலகையைப் பார்த்தால் இரண்டு வகைப் பெயர் தெரியும். ஒன்று 'சஹகாரி பேங்க்', அதாவது கூட்டுறவு வங்கி. இது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றது. மற்றது 'பத்சன்ஸ்தா', அதாவது கடன் சங்கம். இது மாநிலக் கூட்டுறவுத் துறையில் பதிவான சங்கம்; ரிசர்வ் வங்கியின் உரிமம் இதற்குக் கிடையாது. முதல் வகையில் போடும் டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. இரண்டாவதற்கு இல்லை. ஒழுங்காக நடக்கும் பத்சன்ஸ்தாக்களும் உண்டு. ஆனால் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

அந்த இன்ஷூரன்ஸை நடத்துவது டி.ஐ.சி.ஜி.சி. என்ற நிறுவனம். ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமானது. 1960ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் மூடப்பட்டு ஏராளமான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. அதன் பிறகு சட்டம் வந்து 1962ல் டெபாசிட் இன்ஷூரன்ஸ் தொடங்கியது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு. 1993ல் ஒரு லட்சமாகவும், 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமாகவும் உயர்ந்தது. இதற்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது. நாம் ஒரு பைசா கட்ட வேண்டாம். அரசு வங்கி, தனியார் வங்கி, சிறு நிதி வங்கி, கூட்டுறவு வங்கி எல்லாவற்றுக்கும் காப்பு ஒன்றுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நாம் கண்ணால் பார்த்த இரண்டு உதாரணங்கள் போதும். 2019 செப்டம்பரில் மும்பையில் பி.எம்.சி. வங்கிக்குத் தடை வந்தது. முதலில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பிறகு அந்த வரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள். 2022 ஜனவரியில் அது யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைந்தது. 5 லட்சம் வரை உள்ளவர்களுக்குப் பணம் கிடைக்க வழி பிறந்தது. அதற்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதித் தொகை 10 வருடம் வரை நீளும் தவணைகளில்தான்.

இன்னொன்று நம் கரூரில் 1926ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17ல் 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27ல் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாய் கூட நஷ்டமில்லை. ஆனால் 'நம் ஊர் பேங்க்' என்று அதன் பங்குகளை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. ஊர்ப்பாசம் நல்லதுதான், அது காப்பு ஆகாது.

இப்படி வருடக்கணக்கில் காத்திருந்த கஷ்டத்தைப் பார்த்து 2021ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒரு வங்கியில் பணம் எடுக்கத் தடை வந்தால், பொதுவாக 90 நாளுக்குள் 5 லட்சம் வரை டி.ஐ.சி.ஜி.சி. கொடுக்க வேண்டும்.

அந்த 5 லட்சத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அசல், வட்டி இரண்டும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒரே கணக்காகத்தான் கூட்டுவார்கள். வேறு வேறு வங்கி என்றால் தனித்தனி. கணவர் பெயரில் 5 லட்சம், மனைவி பெயரில் 5 லட்சம், கணவர்-மனைவி கூட்டாக 5 லட்சம், மனைவி பெயரை முதலில் வைத்துக் கூட்டாக 5 லட்சம் என்று ஒரே வங்கியில் நான்கு விதமாகக் காப்பு பெறலாம். வட்டிக்கும் இடம் வேண்டும் என்பதால் நான் ஒவ்வொன்றிலும் நாலரை லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெரிய வங்கி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்டேட் பேங்க், எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகிய மூன்றையும் நாட்டின் நிதி அமைப்புக்கு முக்கியமானவை என்று ரிசர்வ் வங்கி அறிவித்து, கூடுதல் மூலதனம் வைக்கச் சொல்லியிருக்கிறது. தபால் ஆபீஸ் சேமிப்புக்கு மத்திய அரசே பொறுப்பு; அங்கே 5 லட்சம் என்ற வரம்பு இல்லை.

காப்பு சரியாக இருந்தால், அடுத்தது அன்றாட வசதி. அதில் நான் பார்ப்பவை இவை:

நடந்து போகும் தூரத்தில் கிளை இருக்கிறதா? வயதான பிறகு இதன் அருமை தெரியும்.

கணக்கு இருவர் பெயரில், 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் இருக்கிறதா? நாமினி பதிவாகியிருக்கிறதா? 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

போனில் பணம் அனுப்பும் கணக்கு தனியாக இருக்கிறதா? அதில் மாதச் செலவுக்கு மட்டும் வைத்து, பென்ஷனையும் டெபாசிட்டையும் வேறு கணக்கில் வைத்திருக்கிறேன். பணம் திருட்டுப் போனால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

ஊரில் விட்டுவந்த கணக்கு உயிரோடு இருக்கிறதா? இரண்டு வருடம் வரவு செலவு இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனால் உரிமை போகாது. வங்கியில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். அப்பா, தாத்தா பெயரில் எங்காவது பணம் கிடக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

வங்கியிடம் குறை இருந்தால் முதலில் அங்கேயே எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

பந்தியில் கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். நல்ல வங்கி எது என்று யாரையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். "இது மூழ்கினால் என் பணத்தை யார், எவ்வளவு, எத்தனை நாளில் தருவார்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் போடுங்கள். வட்டி இரண்டு சதவிகிதம் குறைவாக இருந்தாலும் இரவில் தூக்கம் வரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நான் அளக்காமல் போட்டுவிட்டுப் பிறகு கற்றுக்கொண்டேன். நீங்கள் முதலிலேயே அளந்து போடுங்கள்.